19 பிள்ளைய படிக்கிற பள்ளிக்கூடம், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல மிஞ்சின காசு, ஊர் முகப்புல ஆர்ச்சு... என்ன செய்யலாம் சொல்லுங்க

வாய்க்கால்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய் ஓரம். மேலத்தெரு கீழத்தெரு ரெண்டும் சேத்து 160 வீடு இருக்கும். ஊர்ப்பேரு வேண்டாம். நான் பீடி சுத்துதேன், வீட்டுக்காரவ திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காவ, மக மூணாங்கிளாஸ், மகன் பால்வாடிக்குப் போறான்.

எங்க பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்துல இந்த வருசம் மொத்தமே 19 பிள்ளைய, ரெண்டு டீச்சர். 2021 டிசம்பர்ல திருநெல்வேலி டவுன்ல ஒரு ஸ்கூல்ல கழிப்பறைச் செவரு விழுந்து 3 பையங்க செத்துப்போனது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் ஊர் ஊரா பழைய கட்டடத்தப் பாக்க ஆள் வந்தாவ, எங்க ஓட்டுக்கட்டடத்தையும் பாத்துட்டு விரிசல் விட்டிருக்குன்னு எழுதி 2022ல இடிச்சிட்டாவ. இடிச்சதுல எனக்கு வருத்தமே இல்ல, எம்பிள்ளை தலையில விழுந்திருந்தா யாரு திருப்பித் தருவா. ஆனா இடிச்ச எடத்துல இன்னைக்கு வரைக்கும் ஆமணக்குச் செடிதான் மொளச்சு நிக்கி. பிள்ளைய சமுதாயக் கூடத்துல இருந்து படிக்காவ.

சமுதாயக் கூடம்னா கல்யாணம் சடங்கு எல்லாம் அங்கனதானே. ஆடிக்கு முந்தி ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில நான் மகளக் கொண்டு விடப் போனேன், தரையெல்லாம் கழுவி விட்ட ஈரம், மூலையில பந்தி இலையும் சோறும் குமிஞ்சு கிடக்கு, ஈ மொய்க்கி. ஒரு டீச்சர் சேலையத் தூக்கிச் சொருகிட்டு அவங்களே வாரியல எடுத்துத் தூத்துதாவ. கரும்பலகைய ஒரு பிளாஸ்டிக் சேர் மேல சாத்தி வச்சு, அது சறுக்காம இருக்க அடியில ரெண்டு செங்கல். எம்மக ஈரம் படாம பையத் தலையில வச்சுக்கிட்டு நிக்கா. அன்னைக்கி ராத்திரி பீடித் தட்ட மடியில வச்சும் கை ஓடல.

ஆகஸ்ட் 15 கிராம சபையில எந்திரிச்சு கேட்டேன். எங்க தலைவர் பொம்பளைதான், ஆனா பதில் சொன்னது அவங்க வீட்டுக்காரர். "19 பிள்ளைக்கி எதுக்கும்மா கட்டடம், ரெண்டு வருசத்துல அது தானா மூடிரும்"னு சொல்லிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போயிட்டாவ. நான் உக்காந்துட்டேன்.

இதுக்கு நடுவுல எங்க தெரு அம்மன் கோயில் கொடை ஆடி ரெண்டாஞ் செவ்வா முடிஞ்சுது. வீட்டுக்கு 3000 வரி. செலவு போக 2 லட்சத்து 40 ஆயிரம் மிச்சம்னு கணக்கு வாசிச்சாவ. அத வச்சு ஊர் முகப்புல ஆர்ச்சு கட்டப் போறாவளாம். நான் கமிட்டியில இருக்கிற எங்க சித்தப்பாகிட்ட, பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யலாமேன்னு கேட்டதுக்கு "நீ உன் பிள்ளைய வேன்ல ஏத்தி விடு, ஊருக்கே அதான் வழி"ன்னுட்டாவ.

எங்க தெருவுல 22 பிள்ளைய வேன்லதான் போகுது. நானும் ஏத்தி விடலாமா? இல்ல இத விடாம கேக்கலாமா? கேட்டா யாருகிட்ட கேக்கணும்? கொடைக் காசப் பத்திப் பேசினது தப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாக்பீஸ்:

தாயி, நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்துல 31 வருசம் தொடக்கப்பள்ளி வாத்தியார், கடைசி 9 வருசம் ஹெச்.எம். நீங்க கேட்டதுல முதல் விசயம், அந்தக் கட்டடம் யார் பொறுப்புன்னு தெரியாமத்தான் பாதிப்பேரு தப்பான வாசல்ல போய் நிக்காங்க. யூனியன் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் போடுறது, லீவு, பாடம் இதெல்லாம் வட்டாரக் கல்வி அலுவலர், அதான் பி.இ.ஓ. ஆபீஸ். கட்டடம் வட்டார வளர்ச்சி அலுவலர், அதான் பி.டி.ஓ. ஆபீஸ். பஞ்சாயத்துத் தலைவர் தீர்மானம் போட்டு அனுப்பலாம், அவரே கட்டித் தர மாட்டார். அதனால தலைவர் வீட்டுக்காரர் "மூடிரும்"னு சொன்னது அவர் சொல்ல வேண்டிய விசயமே இல்ல.

ரெண்டாவது, 19 பிள்ளைன்னு சொல்லி உங்கள உக்கார வச்சாங்க பாருங்க, அதுக்கு எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா போச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 60 பிள்ளைய வரைக்கும் ரெண்டு டீச்சர்னு இருக்கு. ஒரு டீச்சருக்கு ஒரு வகுப்பறையாவது இருக்கணும், ஆம்பளப் பிள்ளைக்கும் பொம்பளப் பிள்ளைக்கும் தனித்தனி கழிப்பறை, குடிதண்ணி, சமையலறை, சுற்றுச்சுவர் எல்லாம் அதே சட்டத்தோட அட்டவணையில வரிசையா எழுதியிருக்கு. வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள தொடக்கப்பள்ளி இருக்கணும்னு விதி. பிள்ளை கம்மியா இருந்தா ஈரத்தரையில உக்கார வைக்கலாம்னு எங்கயும் எழுதல.

கொடைக் காசு பத்தி என் எண்ணம் வேற. "நமக்கு நாமே" திட்டம் இருக்கு, ஊர் மூணுல ஒரு பங்கு போட்டா மீதிய அரசாங்கம் போடும். ஆனா வகுப்பறைக்கு அத வச்சு கேக்காதீங்க. வகுப்பறை அரசாங்கம் கட்டித் தர வேண்டிய கடன், அத ஊர்க்காசுல தொடங்கினா அடுத்த ஊர்ல இல்லாதப்பட்டவங்ககிட்டயும் "அவங்க போட்டாங்களே"ன்னு கேப்பாங்க. சுற்றுச்சுவர், விளையாட்டு எடத்துக்கு மண் நிரவுறது, இதுக்கு வேணா ஊர் பங்கு போடலாம்.

இன்னொண்ணு. 1956ல காமராசர் மதிய உணவுத் திட்டத்த எட்டயபுரத்துல ஆரம்பிச்சு வச்சாரு, அன்னைக்கு எட்டயபுரம் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். அந்தக் காலத்துல எங்க அப்பா ஊர்ல வீட்டுக்கு ஒரு படி அரிசி பிரிச்சு பள்ளிக்கூடத்துல கொண்டு போய் அளந்து குடுப்பாங்களாம். எங்க அப்பாதான் அந்த அரிசியத் தலையில சுமந்துட்டுப் போனவரு, சாகுற வரைக்கும் அத சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஊர் பள்ளிக்கூடத்தத் தூக்கிப் பிடிச்ச பழக்கம் நம்ம பக்கம் புதுசு இல்ல தாயி. கேட்டது தப்பே இல்ல.

மக மூணாங்கிளாஸ்னா வாசிக்க, கணக்குப் போடச் சொல்லிக் குடுக்கிற அரசாங்கத்தோட "எண்ணும் எழுத்தும்" திட்டத்துல இருப்பா, பிள்ளையோட தரத்துக்கு ஏத்த மாதிரி அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சு நடத்துவாங்க. அவ எதுல இருக்கான்னு டீச்சர்கிட்ட கேளுங்க. தமிழ்ப் பத்திரிகைய எடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்க. வாசிக்கான்னா வேனப் பத்தி நினைக்கவே வேண்டாம்.

கொத்தனார்_மானூர்:

தங்கச்சி, வாத்தியார் அய்யா சொன்னத மறுத்துப் பேசல, ஆனா வேன்ல ஏத்தி விட்டவன் எல்லாம் ஊர மறந்தவன்னு நினைச்சிராதீங்க, நானும் ஏத்தி விட்டவன்தான். எங்க வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், நான் காலையில ஏழு மணிக்கெல்லாம் கட்டடத்துல நிக்கணும், அவ நூறு நாள் வேலை இல்லாட்டி களையெடுப்பு. மூணு வயசுப் பிள்ளைய வேன்காரன் எல்.கே.ஜி.ன்னு வீட்டு வாசல்ல வந்து ஏத்திட்டுப் போறான், சாயந்திரம் நாலரைக்கு விடுறான். 2019ல கவர்மெண்டுலயும் எல்.கே.ஜி. ஆரம்பிச்சாங்க, 2381 அங்கன்வாடியில, ஆனா அது நடுநிலைப்பள்ளி இருக்கிற எடத்துலதான், எங்க ஊரு மாதிரி அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் உள்ள சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வரல. மூணு வயசுல வேன் ஏறின பிள்ளை அஞ்சு வயசுல எறங்குமா? அதுலதான் உங்க 22 பிள்ளையும் போச்சு.

வருசம் பீஸு, வேன் பீஸு, நோட்டுன்னு நான் கட்டுற காசுக்கு ஒரு சென்ட் எடம் வாங்கியிருக்கலாம். மூத்தவன் இங்கிலீஷ்ல ரைம்ஸ் சொல்லுவான், அஞ்சாங்கிளாஸ் வந்தும் தமிழ்ல ஒரு லெட்டர் எழுதத் தெரியல, எங்க அம்மாவுக்கு அவன் எழுதின பொங்கல் வாழ்த்தப் பாத்து நானே அழுதுட்டேன். அவன ஆறாங்கிளாஸுக்கு கவர்மெண்டு ஸ்கூல்லதான் சேக்கப் போறேன், ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்க படிச்சாத்தான் டாக்டர் சீட்டுல அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும், காலேஜ் போனா மாசம் 1000 ரூவா தமிழ்ப்புதல்வன் திட்டத்துலயும் வரும்.

நான் சொல்ல வந்தது, வேன் வீட்டுக்காரங்க எல்லாரும் உங்களுக்கு எதிரி இல்ல. கட்டடம்னு ஒண்ணு நின்னா, சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் பிள்ளையப் பாத்துக்க ஆள் இருந்தா, பாதிப்பேரு திரும்பி வருவோம். அவங்ககிட்டயும் போய் கையெழுத்து கேளுங்க.

ஷிஃப்ட்_முடிஞ்சு:

அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கேன், சொல்ல மாட்டேன். நான் கீழத்தெரு. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில வேல பாக்கேன், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து இத டைப் பண்ணுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நீங்க எழுதாத ஒரு விசயத்த நான் எழுதுதேன். அந்த 19 பிள்ளையில 12 எங்க தெரு. மேலத்தெருவுல வேன் அதிகமா போகப் போக பள்ளிக்கூடம் கீழத்தெரு பள்ளிக்கூடம்னு ஆயிட்டு வருது, அதனாலதான் கட்டடம்னு கேட்டா யாருக்கும் காது கேக்க மாட்டேங்குது. எனக்கு அப்படித்தான் படுது, நான் சொல்றது தப்புன்னா சொல்லுங்க.

நான் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சு வரைக்கும் அந்த ஓட்டுக்கட்டடத்துலதான் படிச்சேன். என் பக்கத்துல மேலத்தெரு பையன் ஒருத்தன், ஒரே பாயி. பத்தமடைப் பாயில்ல, பிளாஸ்டிக் பாயி, ஓரம் பிஞ்சு நார் நாரா தொங்கும், பாடம் நடக்கும்போது ரெண்டு பேரும் அந்த நாரப் பிச்சுப் பின்னிட்டு இருப்போம். அவனுக்கு முட்டை பிடிக்காது, என் தட்டுல வச்சிருவான், நான் என் சுண்டல அவனுக்குக் குடுப்பேன். அப்புறம் ஹைஸ்கூலுக்கு பஸ்ல போனோம். ஒம்பதாங்கிளாஸ்ல சாதிக்கு ஒரு கலர்னு கையில கயிறு கட்டுற கூட்டம் வந்துச்சு, எந்தக் கலர்னு பாத்துதான் பஸ்ல எந்த சீட்டுன்னு முடிவு ஆகும். ஒருநாள் பின்பக்கப் படியில என்ன அஞ்சாறு பேரு சுத்திக்கிட்டானுவ, பையப் பிடுங்கி வெளிய எறியப் போனானுவ. அவன் எந்திரிச்சு வந்து "ஏலே, இவன் எங்க ஊர்க்காரன்"னு சொல்லிட்டு என் பைய வாங்கி அவன் மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். அவ்வளவுதான். ஸ்டாப் வர வரைக்கும் ஒருத்தனும் பேசல. எங்க தெருன்னு சொல்லல, எங்க ஊர்னு சொன்னான். அந்த வார்த்த அந்தப் பாயில உக்காந்து வந்தது.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பையனையும் அவன் தங்கச்சியையும் சாதி வெறியில வீடு புகுந்து வெட்டினது கூடப் படிச்ச பசங்க. அதுக்கப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவ ஒரு நபர் குழுவாப் போட்டு, அவர் 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, கலர் கயிறு கட்டக்கூடாது, பள்ளிக்கூடப் பேருல சாதிப் பேரு இருக்கக்கூடாதுன்னு எல்லாம் அதுல இருக்கு. நல்ல அறிக்கைதான். ஆனா ஆறு வயசுல ஒரு தெரு பிள்ளை வேன்ல போயி இன்னொரு தெரு பிள்ளை நடந்து போனா, ஒம்பதாங்கிளாஸ்ல கயிற அவுக்கச் சொல்லி என்ன செய்ய?

எங்க தெருப் பசங்க சாயந்திரம் ஆனா வாய்க்கால் பாலத்துலதான் இருக்கானுவ. எலெக்‌ஷன் வந்தா ஒரு கட்சிக்காரன் பெட்ரோல் போட்டு விடுறான், கொடை வந்தா பிளெக்ஸ் சண்டை. உக்கார ஒரு எடம் இல்ல. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல கட்டின நூலகம் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துல பூட்டியே கிடக்கு, ஜன்னல் வழியா பாத்தா புஸ்தகக் கட்டு பிரிக்காம இருக்கு. சாவி மட்டும் வாங்கிக் குடுங்க அக்கா, வாரத்துல ரெண்டு நாள் நான் தொறந்து உக்காருதேன், உங்க மகளுக்கும் சொல்லிக் குடுக்கேன்.

கமிட்டி_மெம்பர்:

நான் வேற ஊரு, எங்க ஊர்ல 14 வருசமா கொடைக் கமிட்டியில இருக்கேன். கோபப்படாம கேளுங்கம்மா. வரி வாங்கும்போது சாமிக்குன்னு சொல்லித்தான் வாங்குறோம். கெழவி ஒருத்தி முந்தானை முடிச்ச அவுத்து நூறு நூறா எண்ணிக் குடுப்பா, அது அம்மனுக்கு. அத எடுத்து ஸ்கூலுக்குக் குடுத்தா அவளுக்கு என்ன பதில் சொல்ல? கணக்கு மாறினா அடுத்த வருசம் வரி வராது, இதுதான் உங்க சித்தப்பா மனசுல இருக்கும், வெளிய சொல்லத் தெரியாம வேனச் சொல்லிட்டாரு.

ஆனா ஆர்ச்சும் சாமிக்கு இல்லையே. அது ஊருக்குன்னா பள்ளிக்கூடமும் ஊருக்குத்தான். கூட்டத்துல இந்த ஒரு கேள்விய மரியாதையா வைங்க. அப்புறம் கீழத்தெரு தம்பி எழுதினதப் படிச்சதுல எனக்கு ஒண்ணு தோணுது, கொடைக் காசுல சுவர் கட்டினா கல்வெட்டுல எங்க தெரு உபயம்னு வெட்டுவாங்க, அது பள்ளிக்கூடத்துல இருக்கக் கூடாது. ரெண்டு தெருவும் வீட்டுக்கு நூறு ரூவான்னாலும் தனியா பிரிங்க, தனி நோட்டுப் போடுங்க.

வார்டு_மெம்பர்_அக்கா:

களக்காடு பக்கம் வார்டு மெம்பரா இருக்கேன். மொதல்ல நாள் கணக்கப் பாருங்க. நம்ம மாவட்டம் உள்பட 9 மாவட்டத்துலதான் 2021 அக்டோபர்ல ஓட்டுப் போட்டோம். மத்த 27 மாவட்டத்துல 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு தலைவருக்குப் பதிலா தனி அலுவலரப் போட்டாங்க. நமக்கு 2026 அக்டோபர் வரைக்கும் கேள்வி கேக்க ஆள் இருக்கு, அத விட்டுறாதீங்க. அக்டோபர் 2, நவம்பர் 1 ரெண்டு கிராம சபை வருது.

வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுங்க. "தொடக்கப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்டுத் தீர்மானம்"னு பொருளாச் சேக்கச் சொல்லி முன்னாடியே கிளார்க்கிட்ட குடுத்து, இன்னொரு காப்பியில கையெழுத்தும் தேதியும் வாங்கிருங்க. 500 பேரு வரைக்கும் உள்ள பஞ்சாயத்துன்னா 50 பேர், 3000 வரைக்கும் 100 பேர் வந்தாத்தான் கிராம சபை செல்லும், பெரும்பாலும் கையெழுத்த அப்புறம் வீடு வீடா வாங்குறாங்க, அதனால பொம்பளைங்க 40 பேர் நேர்ல போய் உக்காந்தாலே பேச்சு மாறிரும். தலைவர் அம்மா பேச வேண்டிய எடத்துல வீட்டுக்காரர் பேசினா, "மதினி, நீங்க சொல்லுங்க"ன்னு அவங்களப் பாத்தே கேளுங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம், நாலாவது தடவ அவங்களே பேசினாங்க.

பி.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்க, 10 ரூவா கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, "இடிச்ச கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டாச்சா, எந்த நிதியில, எந்தத் தேதியில அனுப்புனீங்க"ன்னு மட்டும். 30 நாள்ல பதில் வரணும். பள்ளி மேலாண்மைக் குழுவ 2024ல மாத்தி அமைச்சப்போ 24 பேர் ஆக்கி முன்னாள் மாணவர்களுக்கும் எடம் குடுத்தாங்க, சிப்காட் தம்பிய அதுல சேத்துட்டாச்சான்னு ஹெச்.எம். கிட்ட கேளுங்க.

வாய்க்கால்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரமா பதில் போட முடியல, பீடி இலை வெட்டுற வேல கெடந்துச்சு.

வாத்தியார் அய்யா, பத்திரிகைய வாசிக்கச் சொன்னேன். மழை வருமான்னு போட்டிருந்த பத்திய விரல் வச்சு முழுசும் வாசிச்சா, "வளிமண்டல"ங்கிறதுல மட்டும் ரெண்டு தடவ நின்னா. கூடப் படிக்கிற பிள்ளையளோட அம்மாமாரு எல்லாரையும் கூப்பிட்டு, அவங்கவங்க பிள்ளையள வாசிக்க வச்சோம், ஒண்ணு ரெண்டு பிள்ளை திணறுது, மத்ததெல்லாம் வாசிக்குது. வேன்ல ஏத்தல.

கீழத்தெரு தம்பி, நீ யாருன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு. உங்க அம்மாகிட்டதான் மொதக் கையெழுத்து வாங்கினேன். நான் அந்தத் தெருவுக்குள்ள வீடு வீடா போனது இதுதான் மொத தடவ, கல்யாணம் ஆயி வந்து 11 வருசம் ஆச்சு. உங்க வீட்டுத் திண்ணையில உக்காரச் சொல்லி காப்பி குடுத்தாவ. பையத் தூக்கி மடியில வச்சவன் யாருன்னும் விசாரிச்சேன், அவன் இப்ப கொடைக் கமிட்டியில பொருளாளர். அவன்கிட்ட உன் எழுத்த போன்ல காட்டினேன், ரொம்ப நேரம் படிச்சிட்டு "கூட்டத்துல நான் பேசுதேன் அக்கா"ன்னான். சித்தப்பா இன்னும் பேசல, நேத்து ரோட்டுல பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டாவ. அது எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

சாவி கேட்டதுக்கு கிளார்க்கு, தலைவர்கிட்ட கேக்கணும்னாரு. தலைவர் அம்மா வீட்டுக்கே போய் அவங்ககிட்டயே கேட்டேன், யோசிச்சு சொல்லுதேன்னாங்க. இல்லன்னு சொல்லல.

இதுவரைக்கும் 71 கையெழுத்து, அதுல வேன் வீட்டுக்காரங்க 9 பேர். திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு நாங்க ஏழு பொம்பளைங்க காலை பஸ்ஸுக்கு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் போறோம். மனுவுல கட்டடம் இடிச்ச மாசம் எழுதணும், சித்திரையா வைகாசியான்னு எங்களுக்குள்ளயே சண்டை. கீழத்தெரு தம்பி, இடிக்கும்போது நீ போட்டோ எடுத்தேன்னு உங்க அம்மா சொன்னாவ. அத ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு, தேதி தெரியற மாதிரி ரெண்டு காப்பி பிரிண்ட் போடணும்.